இறுக்கமா, லேசா?

இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை வாசலில் நிறுத்தினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர்தான். பதிவு எண்ணே தேவைப்படாத, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ரகம். 48 வோல்ட் பேட்டரி, பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். கடைக்காரர் சாவியைக் கேட்கவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. கையிலிருந்த பருத்தி நாடாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தள்ளிட்டு வர்றப்ப இறுக்கமா இருந்துச்சுங்களா தம்பி, லேசா வந்துச்சுங்களா?"

இறுக்கம்தான். அதுவும் ஒரே சீரான இறுக்கம் இல்லை. விட்டு விட்டுப் பிடித்தது. பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்னேன். "அப்ப பேட்டரிய அப்புறமா பார்த்துக்கலாம்" என்று வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார்.

அதற்கு முன்பு வேறோர் இடத்தில் காட்டியிருந்தேன். சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மோட்டார், கன்ட்ரோலர் இரண்டையுமே மாற்ற வேண்டும் என்று வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னார்கள். ஒரு வயரைக்கூட அவர்கள் கழற்றிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எலக்ட்ரிக் வண்டி ஓடாமல் நிற்கப் பல காரணங்கள் இருக்கலாம். அத்தனையையும் ஒரே கேள்வியில் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். அதற்கு லேப்டாப் வேண்டாம், மீட்டர்கூட வேண்டாம். தள்ளிப் பார்க்க ஒரு கை போதும்.

பிரேக் ஒயரைத் தளர்த்தி, கட்டை ஒட்டவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு பேட்டரியின் எம்சிபி சுவிட்சை இறக்கினார். சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி ஒன்று, அதுதான் கன்ட்ரோலர். அதிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர்கள் மோட்டாருக்குப் போகின்றன. மூன்றையும் பிடுங்கினார். "இப்பச் சுத்துங்க."

சக்கரத்தைத் தட்டினேன். சைக்கிள் சக்கரம் போலச் சுழன்றது. இரண்டு கிலோமீட்டர் என் தோளை ஒடித்த சக்கரமா இது என்று இருந்தது. சுழல்கிறபோதே மஞ்சள் வயரின் முனையையும் பச்சை வயரின் முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்தார். சேற்றில் விழுந்தாற்போல் சக்கரம் நின்றது. பிரித்தார், தட்டினேன், மறுபடியும் சுழன்றது. தொட்டார்; நின்றது. பேட்டரி இணைப்பில் இல்லை. மின்சாரம் எங்கிருந்தும் வரவில்லை. வெறும் இரண்டு செம்பு முனைகள் தொடுகின்றன, அவ்வளவுதான். மூன்று முனைகளையும் சேர்த்துப் பிடித்தபோது சக்கரத்தைத் திருப்பவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

1831-இல் மைக்கேல் ஃபாரடே, காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவில் இருந்த ஹைன்ரிக் லென்ஸ் அந்த மின்சாரம் எந்தத் திசையில் ஓடும் என்பதற்கு விதி சொன்னார்: தன்னைப் பிறப்பித்த அசைவை எதிர்க்கும் திசையில். சக்கரத்துக்குள் இருப்பது காந்தமும் சுருளும்தானே. நாம் மின்சாரம் கொடுத்தால் அது மோட்டார். நாம் சுற்றினால் அதுவே ஜெனரேட்டர். வயர் முனைகள் பிரிந்திருக்கும்வரை சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், ஆனால் ஓட வழி இல்லை. ஓட்டம் இல்லாததால் எதிர்ப்பும் இல்லை. முனைகளைத் தொட வைத்ததும் வழி திறக்கிறது. ஓடுகிற மின்சாரம் சுற்றுகிற கையையே எதிர்த்துத் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் லென்ஸ் விதியை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அது உள்ளங்கையில் வந்து மோதும் என்று அப்போது தெரியாது.

ஆக, வயரைப் பிடுங்கினால் லேசு, கன்ட்ரோலரில் செருகினால் இறுக்கம். அப்படியென்றால் அந்தப் பெட்டிக்குள் எங்கோ இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மோட்டார் நன்றாக இருக்கிறது. மூன்று வயரைப் பிடுங்கிய நேரத்தில் பாதிச் செலவு குறைந்துவிட்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பழைய மோட்டார்களில் கார்பன் பிரஷ் இருக்கும். சுழலும்போது தேய்ந்து தேய்ந்து அதுவே மின்சாரத்தைச் சுருள் மாற்றிச் சுருள் அனுப்பும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் இந்த ஹப் மோட்டாரில் பிரஷ் கிடையாது. அந்த வேலையை எடுத்துக்கொண்டது கன்ட்ரோலர். மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் வயருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டிரண்டு கதவுகள். மேல்கதவு திறந்தால் அந்த வயர் பேட்டரியின் பிளஸ்ஸோடு சேரும். கீழ்க்கதவு திறந்தால் மைனஸோடு சேரும். மொத்தம் 6 கதவுகள். ஒவ்வொன்றும் ஒரு மாஸ்ஃபெட். 1959-இல் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலாவும் டாவோன் காங்கும் உருவாக்கிய சாதனத்தின் வாரிசு அது. கைபேசிக்குள் கோடிக்கணக்கில் இருக்கிற அதே வகை. இங்கே ஒரு மனிதரைச் சுமந்துபோகும் அளவுக்குப் பெரிதாகியிருக்கிறது, விரல்நக அளவில்.

எந்த நேரத்தில் எந்தக் கதவைத் திறப்பது? அதற்குக் காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சிக் காந்த முனைகளின் நடுவே வைத்தபோது, தகட்டின் குறுக்கே மிகச் சிறிய அழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அவர் பெயரில்தான் ஹால் சென்சார். மோட்டாருக்குள் மூன்று சென்சார்கள் உட்கார்ந்திருக்கின்றன. தாண்டிப்போகும் காந்தத்தின் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றும் 'உண்டு', 'இல்லை' என்று 5 வோல்ட்டிலோ 0 வோல்ட்டிலோ சொல்கிறது. மூன்று பேர் சொல்வதைச் சேர்த்தால் 6 நிலைகள். அந்த 6 நிலைக்கும் 6 விதமாகக் கதவுகள் திறக்கும்.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவ்வகை ஹப் மோட்டார்களில் பரவலான ஓர் அமைப்பில் 46 காந்தத் துண்டுகள், அதாவது 23 ஜோடிகள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 23 முறை அந்த 6 நிலைகளும் வந்துபோகும்: 138 மாற்றங்கள். 10 அங்குலச் சக்கரத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல். ஆக, நொடிக்கு 700-க்கும் அதிகமான முறை கன்ட்ரோலர் முடிவெடுத்து மாற்றுகிறது. இது சுருள் மாற்றும் வேலை மட்டும். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினோம் என்பதற்கேற்பச் சக்தியைக் கூட்டிக் குறைக்க, திறந்திருக்கிற கதவையே நொடிக்கு 15,000 தடவை அளவில் திறந்து மூடுகிறது. ரொட்டிக்கடைக்குப் போய்வரும் பத்து நிமிடத்தில் 90 லட்சம் தடவை.

இந்த வேகத்தில் நடக்கவே கூடாத ஒன்று உண்டு. ஒரே வயரின் மேல்கதவும் கீழ்க்கதவும் சேர்ந்து திறந்துவிடக் கூடாது. திறந்தால் பிளஸ்ஸும் மைனஸும் நேருக்கு நேர். அதனால் ஒன்று மூடிய பிறகு மற்றொன்றைத் திறக்க, ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியை ஒவ்வொரு தடவையும் தப்பாமல் காக்கிறது அந்தப் பெட்டி. தவறினால், அல்லது சூடு தாங்காமல் போனால், உள்ளே சிலிக்கான் உருகும். மாஸ்ஃபெட் இறந்தால் கதவு மூடியபடி இறப்பதில்லை. பெரும்பாலும் திறந்தபடியே உறைந்துவிடுகிறது. ஷார்ட்.

இப்போது என் தோள்வலிக்கு முழு விளக்கம் கிடைத்தது. நீல வயரின் கீழ்க்கதவு திறந்தபடி உறைந்திருந்தால், நீலம் எப்போதும் மைனஸோடு சேர்ந்தே இருக்கும். மற்ற இரண்டு கீழ்க்கதவுகள் மூடியிருந்தாலும், ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் இயல்பாகவே ஒரு டயோடு உண்டு. ஒரு திசையில் மட்டும் அது வழிவிடும். சக்கரம் சுற்றும்போது பிறக்கிற மின்சாரம் அந்த வழியாகப் போய் நீலத்தின் வழியே திரும்பிவரும். ஒருவழிப் பாதை என்பதால் பாதி நேரம் ஓடும், பாதி நேரம் ஓடாது. ஓடும்போது பிடிக்கிறது, ஓடாதபோது விடுகிறது. விட்டு விட்டு இறுக்கம். மூன்று வயரும் ஒன்றாகியிருந்தால் சீராகப் பிடித்திருக்கும். நான் சொன்ன அந்தச் சின்ன விவரத்தை வைத்தே "ஒண்ணுதான் போயிருக்கும்" என்று மீட்டரை எடுப்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

மீட்டரைப் பிறகு எடுத்தார். அதற்கும் முன்னால், கன்ட்ரோலரின் பிளஸ், மைனஸ் வயர்களுக்கு நடுவே ஒரு பல்பைச் சிறிது நேரம் தொட வைத்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடித்தாக வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நடுவில் போட்டுப் பொறி பறக்கவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் செய்யவில்லை.

மீட்டரை டயோடு குறிக்குத் திருப்பினார். சிவப்பு முனையைக் கன்ட்ரோலரின் மைனஸ் வயரில் வைத்தார். கறுப்பு முனையை மஞ்சளில் வைத்தார்: 0.46. பச்சையில்: 0.47. இதுதான் உயிருள்ள டயோடின் எண். சிலிக்கான் டயோடு தன் வழியாகச் செல்லவிட அரை வோல்ட் அளவு கூலி வாங்கும். நீலத்தில் வைத்தார். மீட்டர் கூவியது. 0.00. மூன்று மேல்கதவுகளும் சரியாகக் காட்டின. இந்தச் சோதனையில் பலர் தவறுகிற ஓர் இடம் உண்டு. மோட்டார் வயர்களைப் பிடுங்காமல் பார்த்தால் மூன்றுமே 0 என்று காட்டும். மோட்டாருக்குள் மூன்று சுருளும் சேர்ந்துதானே கிடக்கின்றன. நல்ல மாஸ்ஃபெட்டையும் செத்ததாக எழுதிவிடுவோம்.

சக்கரம் லேசாக வந்திருந்தால்? அப்போது தேட வேண்டிய குவியல் வேறு, அதில் கன்ட்ரோலர் பெரும்பாலும் நிரபராதி. முதல் சந்தேகம் பிரேக் சுவிட்ச். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் சுவிட்ச் அது. மழைநீர் புகுந்து ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடித்தே இருக்கிறது என்று நம்பி கன்ட்ரோலர் சும்மா நிற்கும். பல வண்டிகளில் பிரேக் விளக்குக்கும் அதே சுவிட்ச்தான். ஆகவே பின்னால் போய் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆக்சிலரேட்டர். கைப்பிடிக்குள்ளும் ஒரு ஹால் சென்சார்தான். முறுக்காதபோது 0.8 வோல்ட் அளவு, முழுக்க முறுக்கினால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். 0-வில் தொடங்கி 5-இல் முடித்திருக்கலாமே? வேண்டுமென்றேதான் இரண்டு முனையிலும் இடம் விட்டிருக்கிறார்கள். வயர் அறுந்தால் 0 காட்டும். மைனஸ் வயர் மட்டும் அறுந்தால் 5-ஐ நோக்கி ஏறும். ஒரு நல்ல கன்ட்ரோலர் அந்த இரண்டையும் 'ஓட்டுகிறவர் சொல்லவில்லை, வயர் சொல்கிறது' என்று புரிந்துகொண்டு வண்டியை நகரவிடாது. வண்டி தானாகப் பாய்ந்து யாரையும் இடித்துவிடாமல் காப்பது அந்தச் சின்ன ஓரம். இதை யோசித்து வைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, மோட்டாரின் ஹால் சென்சார்கள். மூன்றில் ஒன்று ஊமையானால் வண்டி நின்ற இடத்தில் நடுங்கும். காலால் உந்திவிட்டால் சில சமயம் ஓடிவிடும். சோதிப்பது எளிது: சாவியைப் போட்டு, மெல்லிய மஞ்சள், பச்சை, நீல வயர்களில் ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினால் 0, 5, 0, 5 என்று துள்ள வேண்டும். துள்ளாதது இறந்தது, அல்லது அதன் வயர் அறுந்தது. மூன்று சென்சாருக்கு எட்டு விதச் சொற்கள் சாத்தியம். ஆனால் பெரும்பாலான மோட்டார்களின் அமைப்பில் 'மூவரும் உண்டு', 'மூவரும் இல்லை' என்ற இரண்டும் வரவே வராது. வந்தால் கன்ட்ரோலர் அதைப் பொய் என்று கண்டுகொள்ளும்.

எல்லாவற்றையும் விட அதிகம் ஏமாற்றுவது, வயர்களை இணைக்கும் கப்ளர்தான். என் வண்டியின் ஃபேஸ் கப்ளரிலேயே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இணைப்பில் 0.1 ஓம் எதிர்ப்பு ஏறிவிட்டால், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே மட்டும் 22 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். கடையில் மேசைமேல் கிடந்த சாலிடரிங் அயர்ன் 25 வாட். பிளாஸ்டிக் கப்ளருக்குள் ஒரு சாலிடரிங் அயர்னை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஒரு உப்புத்தாளும் நல்ல கிரிம்பும் போதும் என்கிற இடத்தில் எத்தனை கன்ட்ரோலர்கள் குப்பைக்குப் போகின்றனவோ.

கடைக்காரர் என் கன்ட்ரோலர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே இருந்த போர்டை உருவினார். 6 மாஸ்ஃபெட்டுகளும் ஓர் அலுமினியப் பட்டையில் முதுகை ஒட்டி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்க்ரூ பட்டையோடு இறுக்கிப் பிடித்திருந்தது. இறந்தது எது என்று கண்ணுக்கே தெரிந்தது. அதன் நெற்றியில் ஒரு சின்ன வெடிப்பு, சுற்றிலும் கரி. அதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் சாலிடரிங் அயர்னைத் தொடவே இல்லை. "இது ஏன் செத்துச்சுன்னு தெரியாம புதுச வச்சா, அதுவும் செத்துப்போயிருமுங்க." பூதக்கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரை அந்த ஸ்க்ரூவில் வைத்து விரலால் லேசாகத் திருப்பினார். முக்கால் சுற்று தானாக இறங்கியது. தளர்ந்திருந்தது.

இவ்வளவு சிறிய காரணமா என்று வீட்டுக்கு வந்தபின் கணக்குப் போட்டேன். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர்தான் வருகிறது என்றாலும், மெதுவாக ஏற்றம் ஏறும்போது மோட்டார் சுருளில் அதைவிட இரு மடங்கு ஓடலாம். கதவை வேகமாகத் திறந்து மூடுவதால், அழுத்தத்தைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது அந்தப் பெட்டி. 30 ஆம்பியர், மாஸ்ஃபெட்டின் எதிர்ப்பு 0.008 ஓம் என்று வைத்தால், ஓடும் நேரத்தில் 7 வாட் சூடு. ஒவ்வொரு கதவும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் வேலை செய்கிறது. ஆகச் சராசரி 2.4 வாட். திறந்து மூடும்போது வரும் சூடு தனி. இந்த வகை மாஸ்ஃபெட், அலுமினியத்தில் ஒட்டாமல் வெறும் காற்றில் நின்றால், ஒரு வாட்டுக்கு 60 டிகிரிக்கு மேல் சூடேறும். 2.4 வாட்டுக்கு 144 டிகிரி. வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் ஏற்கெனவே 45 டிகிரி. கூட்டினால் 189. பெரும்பாலான மாஸ்ஃபெட்டுகளுக்கு எல்லை 150 அல்லது 175. இதில் இன்னொரு கொடுமை: சூடேற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும், 150 டிகிரியில் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். எதிர்ப்பு ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் எதிர்ப்பு ஏறும். இறுகியிருக்கும்வரை அந்தச் சூடு பட்டைக்கும் பெட்டிக்கும் போய்க் காற்றில் கரைந்துகொண்டிருந்தது. என் வண்டியின் குலுக்கலில் ஸ்க்ரூ எத்தனை மாதமாகத் தளர்ந்ததோ.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். 48 வோல்ட் வண்டியில் பார்த்ததை வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் காரின் பெட்டியைத் திறக்கப் போய்விடக் கூடாது. அங்கேயும் அதே 6 கதவுகள்தான். 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3 போன்றவற்றில் சிலிக்கான் கார்பைடால் ஆனவை. ஆனால் அங்கே ஓடுவது 400 வோல்ட் அளவிலான டி.சி. ஆரஞ்சு நிற வயர்கள் அதைச் சொல்லத்தான். என் கன்ட்ரோலர் கெப்பாசிட்டரில் தங்குவது ஒரு ஜூலுக்குச் சற்று மேல் என்றால், 400 வோல்ட்டில் 500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 40 ஜூலைப் பிடித்து வைத்திருக்கும். பயிற்சியும் கையுறையும் உள்ளவர்களுக்கு மட்டுமான வேலை அது. காரை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு: ஓடாத எலக்ட்ரிக் காரை, மோட்டார் சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது, லாரிமேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உருள்கிற சக்கரம் அங்கேயும் ஜெனரேட்டர்தான்.

கடைக்காரர் என் வண்டியில் நீல வயரின் மேல்கதவு, கீழ்க்கதவு இரண்டையும் சேர்த்தே மாற்றினார். ஜோடியில் ஒன்று போகும்போது மற்றதும் அடி வாங்கியிருக்கும், மீட்டர் அதைச் சொல்லாது என்றார். அவற்றை இயக்கும் சின்ன ரெசிஸ்டர்களையும் அளந்து பார்த்தார். முதுகில் வெள்ளைப் பேஸ்டைத் தடவி, இன்சுலேஷன் தாளை வைத்துப் பட்டையில் பொருத்தினார். கப்ளரை வெட்டியெறிந்து மூன்று வயருக்கும் புது முனை போட்டார். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் மாட்டினார். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு மங்கலாகச் சிவக்கும், மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். இருட்டான கடைக்குள் இரண்டு பேரும் அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவக்கவில்லை.

சாவியை அணைத்துவிட்டு, மூன்று வயரும் செருகியபடியே இருக்க, "சுத்திப் பாருங்க தம்பி" என்றார். லேசாகச் சுழன்றது.

பெட்டியை மூடப்போனவர், ஏதோ நினைவு வந்தவர்போல் போர்டை மறுபடியும் வெளியே இழுத்தார். மற்ற நான்கு ஸ்க்ரூக்களிலும் ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினார். அவற்றில் இரண்டு, கால் சுற்று இறங்கின.